துணைநிலை ஆளுநருக்குத் தேர்தல் வைத்தால் தில்லியின் இழுபறி தீருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2025 நவம்பர் 4-ஆம் தேதி நடந்த தேர்தலில், ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி துணை ஆளுநராக வெற்றி பெற்றார். அதிலிருந்து தில்லித் தமிழர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. அங்கே துணை ஆளுநரைக்கூட மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே 70 எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுத்த பிறகும், யாரும் ஓட்டுப் போடாத ஒருவரின் கையெழுத்துக்காகக் கோப்புகள் காத்துக் கிடக்கின்றன. எல்.ஜி. எனப்படும் துணைநிலை ஆளுநர் பதவிக்கும் தேர்தல் வைத்துவிட்டால் என்ன? உங்கள் வாசகர் பக்கத்திலும் இதே பொருளில் கடிதங்கள் வந்திருக்கின்றன.

ஆதங்கம் முழுக்க நியாயமானது. கேட்கும் மருந்துதான் சரியில்லை என்பது எங்கள் கருத்து. தேர்தல் வைப்பதால் ஒரு பதவி ஒழுங்காகிவிடாது. அந்தப் பதவிக்கு என்ன வேலை, எந்தக் கோப்பை எத்தனை நாள் வைத்திருக்கலாம், பதவி காலியானால் யார் வருவார் என்பதையெல்லாம் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். இதை அமெரிக்க மாநிலங்களின் அனுபவமே காட்டுகிறது. அங்கே தேர்தல் நடந்தும் சிக்கிக்கொண்ட மாநிலங்கள் நிறைய.

முதலில், "அமெரிக்காவில் இப்படி" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. 50 மாநிலங்களில் 43 மாநிலங்கள் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தித் துணை ஆளுநரைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கின்றன. டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் தனித் தேர்தல் கிடையாது. மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர்கள் தங்கள் அவைக்குத் தேர்ந்தெடுக்கும் தலைவரே அந்தப் பட்டத்தையும் சுமக்கிறார். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன், வயோமிங் ஆகிய நான்கில் அப்படி ஒரு பதவியே இல்லை. அரிசோனாவிலும் இல்லாமல்தான் இருந்தது. 2022-இல் மக்கள் வாக்கெடுப்பில் அதை உருவாக்கினார்கள், முதல் தேர்தல் 2026-இல்.

தேர்ந்தெடுக்கும் மாநிலங்களிலும் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. வர்ஜீனியா, டெக்சஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா, வட கரோலினா, ஐடஹோ போன்றவற்றில் ஆளுநருக்குத் தனி ஓட்டு, துணை ஆளுநருக்குத் தனி ஓட்டு. ஆகவே ஆளுநர் ஒரு கட்சி, துணை ஆளுநர் எதிர்க்கட்சி என்று அமைவதும் உண்டு. நியூயார்க், பென்சில்வேனியா, இல்லினாய், இண்டியானா, மேரிலாந்து, நியூஜெர்சி போன்றவற்றில் இருவரும் ஜோடியாக நிற்பார்கள். பொதுத் தேர்தலில் ஒரே ஓட்டு இருவருக்கும் சேரும். 2022-இல் மேரிலாந்தில் துணை ஆளுநராக வென்ற அருணா மில்லரும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான். ஆனால் அவர் ஆளுநர் வேட்பாளரின் ஜோடியாக வந்தவர். ஹாஷ்மி தனியாக நின்று வென்றவர். இரண்டு செய்திகளையும் நம் பத்திரிகைகள் ஒரே மாதிரி எழுதின. வாக்காளர் செய்த வேலை இரண்டிலும் வெவ்வேறு.

வர்ஜீனியாவையே கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அங்கே பதவிக்காலம் 4 ஆண்டு. அதிபர் தேர்தல் முடிந்த அடுத்த ஆண்டில் தேர்தல் வரும். அதற்கு முன் ஜூனில் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு. 2025 ஜூனில் ஜனநாயகக் கட்சியில் 6 பேர் மோதினார்கள். அதிக ஓட்டு வாங்கியவரே வேட்பாளர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றோ, வாங்காவிட்டால் இரண்டாம் சுற்று என்றோ விதி இல்லை. ஹாஷ்மி மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கூட வாங்காமல்தான் வேட்பாளரானார். இதில் அவர் தவறு ஏதும் இல்லை, விதி அப்படி. "மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்" என்ற சொல்லுக்குள் இத்தனை சங்கதி அடங்கியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

வென்ற பிறகு அவருக்கு என்ன வேலை? 40 உறுப்பினர் கொண்ட மாநில செனட்டுக்குத் தலைமை தாங்குவது, 20-க்கு 20 என்று சமமானால் தீர்மான ஓட்டுப் போடுவது, ஆளுநர் பதவி காலியானால் அதை ஏற்பது. அன்றாட நிர்வாகக் கோப்பு எதுவும் அவர் மேசைக்கு வராது. ஆனால் அவை சமமாகப் பிரிந்துவிட்டால் அந்த ஒரு ஓட்டுக்கு வரும் மதிப்பே வேறு. 2012-இல் செனட் 20-20 ஆனது. அப்போதைய துணை ஆளுநர் பில் போலிங் குடியரசுக் கட்சிக்காரர். அவர் ஓட்டால் அந்தக் கட்சி அவையின் குழுக்களைக் கைப்பற்றியது. வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் அந்த ஓட்டு செல்லவில்லை, ஏனென்றால் அதற்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், துணை ஆளுநர் உறுப்பினர் அல்லர். திட்டம் நிறைவேறாமல் நின்றது. 2014 ஜனவரியில் அதே 20-20 மீண்டும் வந்தபோது, துணை ஆளுநர் ஜனநாயகக் கட்சியின் ரால்ஃப் நார்த்தம்; குழுத் தலைமைகள் அப்படியே கைமாறின. ஆளைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள். அவருடைய ஓட்டு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை முடிவு செய்தவை அரசமைப்பும் அவை விதிகளும்.

டெக்சஸில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே துணை ஆளுநருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர், செனட் உறுப்பினருக்கு என்னவோ அதே. ஆனால் மாநில அரசியலில் ஆளுநருக்குச் சமமாகவோ மேலாகவோ அவரைச் சொல்வார்கள். 31 உறுப்பினர் செனட்டில் எந்தக் குழுவில் யார், யார் தலைவர், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், எது விவாதத்துக்கு வரும் என்பதெல்லாம் அவர் கையில். இந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அரசமைப்பில் இல்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் செனட் தானே நிறைவேற்றிக்கொள்ளும் விதிகளில் இருக்கிறது. உறுப்பினர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து விதியை மாற்றினால், லட்சக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்ட அந்தத் துணை ஆளுநர், சமநிலையில் ஓட்டுப் போடும் அவைத்தலைவராகச் சுருங்கிவிடுவார்.

இனி, எங்கே கெட்டுப் போகிறது என்பதற்கு வருவோம். தில்லிக்கான பாடம் இதில்தான் இருக்கிறது.

ஜோடித் தேர்தலில் முக்கியமான கேள்வி, ஜோடியைச் சேர்ப்பது யார் என்பது. இல்லினாயில் முன்பு கட்சிக்குள் இருவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, பிறகு பொதுத் தேர்தலுக்கு ஒன்றாகக் கட்டினார்கள். 1986-இல் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் அட்லாய் ஸ்டீவன்சன் வென்றார். துணை ஆளுநர் இடத்தை, கட்சி ஏற்காத, தீவிரக் கொள்கை அரசியல்வாதி லிண்டன் லரூஷின் குழுவைச் சேர்ந்த ஒருவர் யாரும் எதிர்பாராமல் வென்றுவிட்டார். கீழே உள்ள பதவி என்று யாரும் கவனிக்காததன் விளைவு. அவரோடு ஒரே சீட்டில் நிற்க மாட்டேன் என்று ஸ்டீவன்சன் தன் கட்சிச் சீட்டையே துறந்து புதுக் கட்சி தொடங்கி நின்றார். அதற்கு முந்தைய 1982 தேர்தலில் சுமார் 5,000 ஓட்டில் தோற்றவர், இந்த முறை படுதோல்வி அடைந்தார். 2010-இல் அதே மாநிலத்தில், அதே கட்சியில், அதே பதவிக்குத் தேர்வான வேட்பாளர் மீது பழைய குற்றச்சாட்டுகள் வெளிவந்து சில நாளிலேயே விலக நேர்ந்தது. அதன் பிறகே சட்டத்தைத் திருத்தி, ஆளுநர் வேட்பாளரும் துணை வேட்பாளரும் உட்கட்சித் தேர்தலிலேயே ஜோடியாக நிற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஓட்டை தெரிந்தும் அடைக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது.

இண்டியானாவில் துணை ஆளுநர் வேட்பாளரை வாக்காளர்கள்கூடத் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-இல் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் மைக் பிரான் தனக்கு வேண்டியவரை முன்மொழிந்தார். மாநாடு அவரைத் தள்ளிவிட்டு மைக்கா பெக்வித்தைத் தேர்ந்தெடுத்து பிரானின் பக்கத்தில் நிறுத்தியது. ஜோடியாக வென்றார்கள், ஆனால் ஆளுநர் விரும்பிய ஜோடி அதுவல்ல.

தனித்தனித் தேர்தலில் வரும் வம்பு வேறு மாதிரி. ஐடஹோ அரசமைப்பில், ஆளுநர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் அதிகாரம் துணை ஆளுநருக்கு வரும். 2021 மே மாதம் ஆளுநர் பிராட் லிட்டில் ஒரு கூட்டத்துக்காக டென்னசி போயிருந்தார். துணை ஆளுநர் ஜேனிஸ் மெக்கீச்சின், அவரும் அதே கட்சிதான், முகக்கவசக் கட்டாயத்துக்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தார். திரும்பி வந்த ஆளுநர் மறுநாளே அதை ரத்து செய்தார். அக்டோபரில் ஆளுநர் டெக்சஸ் போனபோது தடுப்பூசி தொடர்பாக இன்னொரு ஆணை, அதுவும் ரத்து. கலிஃபோர்னியாவில் 1979-இல் இதே போல ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெளியூரில் இருந்த சமயம் துணை ஆளுநர் மைக் கர்ப் ஒரு நீதிபதியை நியமித்துவிட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. நியமிக்க அவருக்கு அதிகாரம் இருந்தது, திரும்பி வந்த ஆளுநருக்கு அதைத் திரும்பப் பெறவும் அதிகாரம் இருந்தது என்று தீர்ப்பு. இந்த இரண்டு துணை ஆளுநர்களும் மக்கள் ஓட்டில் வந்தவர்கள். "நானும் மக்கள் தேர்ந்தெடுத்தவன்" என்ற தைரியம்தான் அவர்களைக் கையெழுத்துப் போட வைத்தது. விமானமும் தொலைபேசியும் இல்லாத காலத்து விதி, ஆளுநர் மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடும் காலத்திலும் மாற்றப்படாமல் கிடந்ததே காரணம்.

காலி இடம் விழும்போது வருகிற குழப்பத்தை நியூயார்க் காட்டியது. 2008 மார்ச்சில் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் விலகினார், துணை ஆளுநர் டேவிட் பேட்டர்சன் ஆளுநரானார். துணை ஆளுநர் நாற்காலி காலி. அதை எப்படி நிரப்புவது என்று மாநில அரசமைப்பு தெளிவாகச் சொல்லவில்லை. 2009 ஜூனில் கட்சித் தாவலால் 62 உறுப்பினர் செனட் 31-31 என்று நின்றது. சமநிலையில் ஓட்டுப் போட ஆள் இல்லை. ஒரே மன்றத்தில், ஒரே நேரத்தில், இரு தரப்பும் தங்கள் தங்கள் தலைவரை வைத்துத் தனித்தனிக் கூட்டம் நடத்தினார்கள். ஒரு மாதம் மாநிலச் சட்டமன்றம் முடங்கியது. ஜூலையில் பேட்டர்சன் தானாகவே ரிச்சர்ட் ராவிச் என்பவரைத் துணை ஆளுநராக நியமித்தார். அப்படி நியமிக்கலாமா என்று வழக்கு; செப்டம்பரில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 4-க்கு 3 என்று நூலிழையில் சரி என்றது.

நியூஜெர்சியில் அந்தப் பதவியே இல்லாத காலத்தில் ஆளுநர் விலகினால் செனட் தலைவர் தன் பதவியையும் வைத்துக்கொண்டு ஆளுநராகவும் இருப்பார். 2002 ஜனவரியில் செனட் தலைமை மாறியபோது ஒரே வாரத்துக்குள் தற்காலிக ஆளுநர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். அவர்களில் ஒருவர் அப்பதவியில் இருந்தது 90 நிமிடம். 2005-இல் அரசமைப்பைத் திருத்தி, 2009-இல் முதல் துணை ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டால் விதியையும் கவனமாக எழுதினார்கள். ஆளுநர் வேட்பாளர் தேர்வான 30 நாளுக்குள் தன் ஜோடியை அறிவிக்க வேண்டும். வென்ற பிறகு துணை ஆளுநருக்கு ஒரு துறையையோ குறிப்பிட்ட பொறுப்பையோ கொடுத்தே ஆக வேண்டும். அரிசோனாவில் 2009-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நெபாலிடானோ மத்திய அமைச்சரவைக்குப் போனபோது, மாநிலச் செயலாளராக இருந்த குடியரசுக் கட்சியின் ஜேன் புரூவர் ஆளுநரானார். ஒரு ஓட்டும் விழாமல் ஆட்சி கட்சி மாறியது. புதிய பதவிக்கு அங்கே 2022-இல் ஆதரவு திரண்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அங்கே குடியுரிமை பெற்று ஓட்டுப் போடும் மகனோ மகளோ உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2026 நவம்பர் 3-ஆம் தேதி பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் தேர்தல். உங்கள் மாநிலத்தில் ஜோடி ஓட்டா, தனி ஓட்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தனி ஓட்டு என்றால் ஆளுநருக்குக் குறியிட்டுவிட்டு அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டுவரும் பழக்கம் பலருக்கு உண்டு. ஜோடி ஓட்டு என்றாலும் இரண்டாவது பெயரைப் பார்க்க வேண்டும். ஜோடி ஓட்டு உள்ள அலாஸ்காவிலும் யூட்டாவிலும் தேர்தலை நடத்தும் பொறுப்பே துணை ஆளுநருடையது. அந்தப் பெயரைப் பார்க்காமல் ஓட்டுப் போட்டால், அடுத்த தேர்தலை நடத்தப் போகிறவரைப் பற்றி யோசிக்காமல் வந்துவிட்டோம் என்று பொருள்.

இப்போது தில்லி. நம் துணைநிலை ஆளுநர் அமெரிக்கப் பதவியோடு பெயரளவில்தான் ஒத்தவர். அரசமைப்பின் 239-ஆவது பிரிவின்படி யூனியன் பிரதேசத்தை ஆள்பவர் குடியரசுத் தலைவர், அவர் தன் சார்பில் நியமிக்கும் நிர்வாகியே எல்.ஜி. 1991-இல் 69-ஆவது திருத்தத்தில் 239ஏஏ பிரிவு வந்து, 70 இடங்கள் கொண்ட சட்டப்பேரவையும் முதல்வர் உட்பட 7 பேருக்கு மிகாத அமைச்சரவையும் கிடைத்தன. பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் மூன்றும் பேரவைக்கு இல்லை. மற்றவற்றில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி எல்.ஜி. நடக்க வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம்.

வினை முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான். எந்த அளவு வேறுபாட்டை அனுப்பலாம்? எத்தனை நாளில்? அனுப்பிய பிறகு எத்தனை நாளில் பதில் வர வேண்டும்? பிரிவில் இல்லை. 1993-ஆம் ஆண்டின் அலுவல் விதிகள் படிகளைச் சொல்கின்றன. எல்.ஜி. முதலில் அமைச்சரோடு பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தீராவிட்டால் அமைச்சரவைக்கு அனுப்ப வேண்டும். அதிலும் தீராவிட்டால் மத்திய அரசு வழியாகக் குடியரசுத் தலைவருக்கு. அதுவரை அந்த நடவடிக்கையை நிறுத்தி வைக்கவும் அவர் உத்தரவிடலாம். மேலே போன கோப்பு என்று திரும்பும் என்பதற்கு நாள் குறித்த வரம்பு இல்லாததால், நிறுத்தி வைப்பதே முடிவாகிவிடுகிறது. பேரவை நிறைவேற்றும் மசோதாவுக்கும் இதே கதி. ஒப்புதல் தருவதற்கு, தில்லி அரசு எப்படி இயங்க வேண்டும் என்று வகுத்த 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தனை நாள் என்று சொல்லவில்லை.

2018 ஜூலை 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, எந்த விஷயத்திலும் வேறுபடலாம் என்பதற்கு எல்லா விஷயத்திலும் வேறுபடலாம் என்று பொருள் இல்லை, முடிவுகளை எல்.ஜி.க்குத் தெரிவித்தால் போதும், அவர் ஒப்புதல் தேவையில்லை என்றது. 2021-இல் நாடாளுமன்றம் அந்த 1991 சட்டத்தைத் திருத்தி, தில்லிச் சட்டங்களில் அரசு என்றால் எல்.ஜி. என்றும், அவர் குறிப்பிடும் விஷயங்களில் முன்கூட்டியே அவர் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் ஆக்கியது. 2023 மே 11-இல் அதிகாரிகள் நியமனம் தேர்ந்தெடுத்த அரசுக்கே என்று இன்னொரு தீர்ப்பு. எட்டே நாளில், மே 19-இல் அவசரச் சட்டம். ஆகஸ்டில் அது சட்டமானது. முதல்வரும் இரண்டு மூத்த அதிகாரிகளும் சேர்ந்த ஓர் ஆணையம் பெரும்பான்மையால் பரிந்துரைக்கும், இறுதிச் சொல் எல்.ஜி.யுடையது. மூவரில் இருவர் அதிகாரிகள் என்பதால் முதல்வரையே ஓட்டில் தோற்கடிக்க முடியும்.

இந்த இடத்தில் தேர்தல் வைத்துப் பாருங்கள். ஜோடித் தேர்தல் என்றால் எல்.ஜி. முதல்வரின் ஆளாக வருவார். அப்படிப்பட்டவரிடம் தில்லிக் காவல்துறையையும் நிலத்தையும் மத்திய அரசு விட்டுவைக்காது. அந்தக் கோப்புகளை நேரே உள்துறை அமைச்சகத்துக்கு மாற்றிக்கொள்ளும். தேர்ந்தெடுத்த எல்.ஜி. வெறும் நாற்காலியில் இருப்பார். தனித் தேர்தல் என்றால், சுமார் ஒன்றரைக் கோடி வாக்காளர்கள், அதே நகரம், அதே துறைகள், இரண்டு தலைமை. முதல்வர் 70 தொகுதிகளின் பெரும்பான்மையைக் காட்டுவார், எல்.ஜி. தில்லி முழுக்க விழுந்த ஓட்டைக் காட்டுவார். ஐடஹோவில் ஆளுநர் ஊரில் இல்லாத நாளில் மட்டும் நடந்தது இங்கே தினமும் நடக்கும். இதற்கு 368-ஆவது பிரிவின் கீழ் அரசமைப்புத் திருத்தமும் வேண்டும். அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவு பெரும்பான்மையைத் திரட்ட முடிகிற நாளில் அதை இந்தக் கோரிக்கைக்குச் செலவழிப்பது வீண்.

எழுதப்படாத விதி என்ன செய்யும் என்பதற்கு மாநகராட்சியைப் பாருங்கள். 2022 டிசம்பரில் 250 வார்டுகளுக்குத் தேர்தல் முடிந்தது. 10 நியமன உறுப்பினர்களை எல்.ஜி. நியமித்தார். அவர்கள் மேயர் தேர்தலில் ஓட்டுப் போடலாமா என்ற சண்டையில் மூன்று கூட்டங்கள் கலைந்தன. 2023 பிப்ரவரி 17-இல் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 22-ஆம் தேதிதான் மேயர் கிடைத்தார். நியமிக்கும் அதிகாரம் எல்.ஜி.க்குத் தனியாக உண்டா, அமைச்சரவை ஆலோசனை வேண்டுமா என்பதற்கு விடை 2024 ஆகஸ்ட் 5-இல் வந்தது. மாநகராட்சிச் சட்டமே அவரிடம் கொடுத்திருக்கிறது, ஆலோசனை வேண்டாம் என்று. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வரியைச் சரியான காலத்தில் திருத்தியிருந்தால் இது எதுவும் நடந்திராது.

நம் மக்களுக்கு இது ஏட்டு விஷயம் இல்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று முதலில் அறிவித்தார்கள். அந்த மக்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைந்ததை ஊரே பார்த்தது. குடிசை மேம்பாட்டு வாரியத்தின் தலைவர் முதல்வர். தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.வின் தலைவர் எல்.ஜி. இடிக்கும் நாளில் நிற்கும் போலீஸ் மத்திய உள்துறையின் கீழ். 2015 கொள்கைப்படி குடியிருப்பு 2006-க்கு முன்பிருந்தும், குடும்பம் 2015-க்கு முன்பிருந்தும் அங்கே இருந்ததற்கு ஆவணம் வேண்டும். தகுதி மறுக்கப்பட்டவர் மேல்முறையீட்டைக் குறித்த காலத்தில் சரியான இடத்தில் கொடுக்காவிட்டால், எம்.எல்.ஏ. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பயனில்லை. குடிசைப் பகுதிகளில் உள்ள நம்மவர்கள் தங்கள் நிலம் யாருடையது, டி.டி.ஏ.வா, ரயில்வேயா, தில்லி அரசா என்பதை இப்போதே தெரிந்துகொண்டு, பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகலை இரண்டு இடங்களில் வைத்திருப்பது நல்லது. போலீஸ், டி.டி.ஏ. வீடு, நிலம் என்றால் மனு எல்.ஜி. அலுவலகத்துக்கு. குடிநீர், பஸ், அரசுப் பள்ளி, மருத்துவமனை என்றால் தில்லி அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு. குப்பை, வீட்டு வரி, மாநகராட்சிப் பள்ளி என்றால் கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும். தவறான இடத்தில் கொடுத்த மனு சரியான இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

புதுச்சேரியிலும் 2016-க்குப் பிறகு இதே இழுபறியைத் தமிழ் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் படித்தார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அன்றாட நிர்வாகத்தில் எல்.ஜி. தலையிடக் கூடாது என்றார்; 2020-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. நீதிமன்றத்தை நம்பிக் காத்திருப்பதன் எல்லை அது. தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கிலும் அதையே பார்த்தோம். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் மசோதாக்களுக்குக் கால வரம்பு விதித்தது. நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த 5 நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பில் இல்லாத கால வரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது என்றது. ஆகவே நாளைக் குறிக்கும் வேலை நாடாளுமன்றத்தினுடையது.

தில்லிக்கு நாங்கள் கேட்பது இதுதான். எல்.ஜி.க்கு வரும் கோப்பை 15 நாளில் ஒப்புக்கொள்ளவோ, காரணத்தை எழுத்தில் சொல்லித் திருப்பவோ வேண்டும். குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய வேறுபாட்டுக்கு 60 நாளில் பதில் வராவிட்டால் அமைச்சரவையின் முடிவு நடைமுறைக்கு வர வேண்டும். அனுப்பிய கோப்புகளின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரவையில் வைக்க வேண்டும். டி.டி.ஏ.வில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பெரும்பகுதிக்கு 1991 சட்டத்தையும் அலுவல் விதிகளையும் திருத்தினாலே போதும். 239ஏஏ பிரிவின் 7-ஆவது உட்பிரிவு அந்தப் பிரிவைச் செயல்படுத்தவும் நிறைவு செய்யவும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. 2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு மத்தியிலும் தில்லியிலும் ஒரே கட்சி ஆட்சிக்கு வந்ததால் மோதல் அடங்கியது. இந்தக் கட்சியை மடக்கக் கேட்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்பதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

எப்படிக் கேட்பது? தில்லிக்கு மக்களவையில் 7 உறுப்பினர்கள். மக்களவைக்குப் பொதுமக்கள் மனு கொடுக்கலாம். உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டுத் தாக்கல் செய்தால் அது மனுக்கள் குழுவுக்குப் போகும். மனு அவையை விளித்து எழுதப்பட வேண்டும், மரியாதையான நடையில், இறுதியில் கோரிக்கை தெளிவாக. கையெழுத்திடும் ஒவ்வொருவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும், எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். கடிதம், பிரமாணப் பத்திரம் என்று எதையும் இணைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை உள்ளே கொண்டுவந்தால் ஏற்க மாட்டார்கள். ஆகவே அதிகாரிகள் நியமனப் பூசலைக் கலக்காமல், கால வரம்பை மட்டும் கேட்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து, அதிலும் மனுதாரர் கையெழுத்திட்டு இணைத்தால் போதும். ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விஹார், ஜனக்புரி, முனீர்க்கா பகுதிகளில் உள்ள தமிழ் அமைப்புகள் ஒரே வாசகத்தில் மனு தயாரித்து, தங்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுக்க முன்வர வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தில்லி அரசுத் துறைகளில் சட்டம், நிர்வாகப் பணிகளிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்கள் சிலர்,
ஆர்.கே. புரம், புது தில்லி.